ரத்தத்தின் பூர்வாசிரமம்

இந்த வாக்கியத்தை நேயர்கள் வாசித்து முடிப்பதற்குள் ஒவ்வொருவர் உடலிலும் சுமார் 1 கோடிச் சிவப்பணுக்கள் புதிதாய்ப் பிறந்துவிடுகின்றன. வினாடிக்கு ஏறக்குறைய 20 லக்ஷம்! இவற்றுக்கெல்லாம் பிறந்தகம் எலும்பு மஜ்ஜை. தாய், அங்கே குடியிருக்கும் மூல ஸெல்கள். அத்தகைய தாய் உண்டென்பதை 1961-ல் கானடா தேசத்து டொராண்டோ நகரில் டில், மக்கல்லக் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு நிரூபித்தார்கள்.

அதே தாயின் வயிற்றில்தான் வெள்ளணுவும் பிறக்கிறது. பிள்ளைகளுக்குக் கிடைத்த ஜீன் புஸ்தகமும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க, ஒரு பிள்ளை பிராணவாயு சுமக்கவும் மற்றொன்று கிருமியை விழுங்கவும் போவானேன்? எந்த ஏடு வாசிக்கப்படுகிறது, எது கட்டி வைக்கப்படுகிறது என்பதில்தான் ரகசியம் இருக்கிறது. ஆரம்பத்தில் மூல ஸெல் பல ஏடுகளையும் மெல்லிய குரலில் முணுமுணுத்துக் கொண்டிருக்கும். பிறகு காட்டா-1 என்ற புரதம் ஓங்கினால் சிவப்பணு. பியு-1 ஓங்கினால் வெள்ளணுக்களில் ஒரு வகை. ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும் இந்தப் பங்காளிகளின் சண்டையே வழியைத் தீர்மானிக்கிறதென்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ஆனால் 2016-ல் எலி ஸெல்களைத் தனித்தனியே காவல் காத்துப் பார்த்தவர்கள், முடிவு முன்பே ஆகிவிடுகிறது, புரதங்கள் அதை உறுதிப்படுத்துகின்றன, அவ்வளவே என்றார்கள். நம் வீட்டுக் கல்யாண ஆலோசனைகளைப் போலத்தான்!

சிவப்பணுவோ கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. ஜீன் புஸ்தகமும் அதோடு போயிற்று. பிறகு 120 நாள் ஊழியம், பூரண சந்நியாசம்.

இதையெல்லாம் வெறும் விநோதமென்று ஒதுக்குவதற்கில்லை. அரிவாள் ரத்த நோயில் சிவப்பணு வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, தாங்கவொண்ணா வேதனை தருகிறது. நீலகிரி மலைவாசிகளிடையே இத்தகைய அணுக்கள் இருப்பதை 1952-ல் லேமனும் கட்புஷும் வெளியிட்டார்கள். கருவில் நமக்கெல்லாம் இருந்த சிசு ஹிமோகுளோபின் மிகுந்திருந்தால் இந்நோய் தணியும். பிறந்தபின் அந்த ஏட்டை மூடி வைப்பது பிசிஎல்11ஏ என்னும் ஜீன். அதை அடியோடு அழித்தாலோ வேறு ரத்த ஸெல்களுக்கும் கேடு. ஆகவே, சிவப்பணு மார்க்கத்தில் மட்டும் அதை ஓங்கச் செய்யும் சிறு பகுதியை மூல ஸெல்லிலேயே கத்தரித்து விடுகிறார்கள். என்ன சாமர்த்தியம்! 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இச்சிகிச்சையை அனுமதித்தன.

அமெரிக்காவில் அதற்கு விதித்த விலை 22 லக்ஷம் டாலர். அதே வருஷம் ஜூலையில் நம் சர்க்கார் 2047-க்குள் இந்நோயை ஒழிக்கவென்று ஓர் இயக்கம் தொடங்கி, மலைவாசிகளின் ரத்தத்தைச் சோதித்துச் சீட்டும் கொடுக்க முற்பட்டது. நல்ல காரியமே. ஆனால் நோய் உண்டென்று சீட்டு வாங்கிய பையன் 22 லக்ஷம் டாலருக்கு எங்கே போவான்? மலிவான வழியை நம் ஆராய்ச்சிசாலைகள்தாம் கண்டாக வேண்டும்.