விருப்பப் பட்டியலை யார் சொல்லித் தருவது?



பிளஸ் 2 முடிவு வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓடுவது பிரவுசிங் சென்டருக்குத்தான். பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை அங்கே இருப்பவரே போட்டுத் தருகிறார். கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50 என்று கட்-ஆஃப் கணக்கிடுவது எளிது. சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. மேலே எழுதிய கல்லூரியில் இடமிருந்தால் அதுதான் ஒதுக்கப்படும். கீழே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. என் தங்கை மகள் பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியை முதலிலும் அரசுக் கல்லூரியை ஒன்பதாவதாகவும் வைத்தாள். முதலாவதே கிடைத்தது. அழுது என்ன பயன்?

அவள் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் பொறுப்பு வேதியியல் சாருக்கு. ஒரே ஒரு நாள் பயிற்சிதான் கொடுத்தார்களாம். பாவம், அவரை நோவானேன்!

2022இல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தால் படிப்புகளின் பெயர்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இவை முழுப் பயன் தர, விடைத்தாள் திருத்தம் முடிந்ததும், முந்தைய ஆண்டு கட்-ஆஃப் விவரங்களை வைத்து மாதிரிப் பட்டியல் போட்டுப் பழகும் பயிற்சியை ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்குத் தர வேண்டும். கலந்தாய்வு உதவி மையங்களில் உட்காருபவர்களையும் அதில் சேர்க்கலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, தேனி மாவட்டம்