குடலில் வாழும் கிருமிகளும் நமது கூச்சமும்

சென்ற மாதம் இரும்புலியூரில் அங்கத்தினர் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கணக்குகள் வாசித்து அங்கீகரிக்கப்பட்ட பின், காரியதரிசி கேட்டுக்கொண்டபடி சுகாதாரம் பற்றிச் சில வார்த்தைகள் பேசினேன். மருத்துவ ஆராய்ச்சிக்கென்று மலம் கேட்டால் கொடுக்கத் தயங்கலாகாது என்றேன். முன்வரிசையில் இருந்தோர் சிரித்துவிட்டனர். கூட்டம் கலைந்ததும் நெசவாளர் ஒருவர் தனியே வந்து, தமக்கு ஏழெட்டு மாதங்களாக மலத்துடன் இரத்தம் போவதாகவும், மூலம் என்று எண்ணிப் பத்தியம் இருப்பதாகவும் மெல்லிய குரலில் சொன்னார். சிரித்தவர்களில் அவரும் ஒருவர். மறுநாளே வைத்தியரிடம் காட்டும்படி வற்புறுத்தி அனுப்பினேன். மூலமாகவே இருக்கலாம், ஆயினும் பெருங்குடற் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும்.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் சில இப்புற்றுநோயில் பங்கு கொள்கின்றன என்பது அண்மை ஆண்டுகளில் தெளிவாகி வருகிறது. 'புஸோபாக்டீரியம்' என்பது பொதுவாக வாயில், பல் ஈறுகளில் வாழும் கிருமி. 2011-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு குழுவினர், பெருங்குடற் கட்டிகளில் இது மிகுதியாக இருக்கக் கண்டனர். அது தன் மேலுள்ள ஒரு புரதத்தால் புற்று அணுக்களைப் பற்றிக்கொண்டு, அவை பெருகுமாறு தூண்டுகிறது என்று 2013-இல் தெரிந்தது. 2017-இல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டனர். புற்று கல்லீரலுக்குப் பரவியபோது கிருமியும் உடன் சென்றிருந்தது! இத்தகைய கட்டியைப் பெற்ற எலிகளுக்கு மெட்ரோனிடஸோல் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி தணிந்தது. இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம். அம்மருந்து நல்ல கிருமிகளையும் சேர்த்தே கொல்லும். எலிக்கு ஆனது மனிதருக்கும் ஆகும் என்ற நிச்சயமும் இல்லை.

வேறொரு வகை 'ஈ.கோலை' கிருமி, நம் அணுக்களின் மரபுப் பொருளையே சிதைக்கும் நஞ்சைச் சுரக்கிறது. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஆய்வுக்கூடத்தில் சிறு குடல் திசுக்களை வளர்த்து, அவற்றுடன் இக்கிருமியைப் பல மாதங்கள் பழகவிட்டனர். அங்கே பதிந்த சேதத்தின் தடம், நோயாளிகள் சிலரின் கட்டிகளிலும் அப்படியே இருந்தது. இது 2020-இல் வெளிவந்தது.

எல்லாக் கிருமிகளும் பகையல்ல. ஜீரணமாகாமல் பெருங்குடலை எட்டும் நாரையும் மாவுப் பொருளையும் சில பாக்டீரியாக்கள் புளிக்க வைத்து, பியூட்டிரிக் அமிலம் ஆக்குகின்றன. நல்ல குடல் அணுக்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். புற்று அணுக்களோ சர்க்கரையையே நாடுவதால், அந்த அமிலம் அவற்றினுள் தேங்கிப் பெருக்கத்திற்குத் தடையாகிறது என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளின் முடிவு. 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்கள் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டே வாரங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். நார் மிகுந்த கிராம உணவுக்கு மாறிய அமெரிக்கர்களின் குடலில் இவ்வமிலம் பெருகியது. கொழுப்பு மிகுந்த உணவுக்கு மாறியவர்களுக்குக் குறைந்தது. கேழ்வரகும் வரகும் பயிரிட்டு விற்றுவிட்டு, வீட்டில் தீட்டிய அரிசியை மட்டுமே உண்ணும் அங்கத்தினர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

இத்துறையில் தமிழகமும் பின்தங்கியதல்ல. ஜீரணமாகாத மாவைக் காலராவுக்குரிய உப்புக் கரைசலில் சேர்த்தால் பேதி குறையும் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணா குழுவினர் 2000-இல் காட்டினர். அதுவும் குடற் கிருமிகளின் உழைப்பை நம்பிய வைத்தியமே. ஆனால் 2022-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. உலகெங்கும் சேகரித்த மனிதக் கிருமி மாதிரிகளில், எந்நாட்டவை என்று தெரிந்தவற்றுள், 100-க்கு 71-க்கு மேல் ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்தவை. உலக ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாழும் இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம் மூன்றுக்கும் சேர்த்து 100-க்கு 2 கூட இல்லை. சோறும் சாம்பாரும் உண்ணும் குடலின் கதையை வேறொருவர் குடலைக் கொண்டு எப்படி எழுதுவது?

தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோக சானடோரியம் நிறுவினார். அந்நோயையும் அக்காலத்தில் குடும்பங்கள் மறைத்தே வைத்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் 193 ஏழை நோயாளிகள் சோதனைக்கு உடன்பட்டனர். ஒரு பாதியினர் சானடோரியத்திலும், மறு பாதியினர் வீட்டிலிருந்தபடியும் மருந்துண்டனர். வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே பலன் தரும் என்று 1959-இல் வெளியான முடிவு, உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையையே மாற்றியது. நம்மவர் சளியைக் கொடுத்து உலகத்திற்கு உதவியபோது எவரும் சிரிக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் வருடாந்தரக் கூட்டத்தில் இவ்விஷயத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. ஆராய்ச்சிக்கு உடன்படுவோர் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் இடவேண்டியதில்லை. கடன் பத்திரத்தைப் படிப்பதுபோல் ஒப்புதல் பத்திரத்தையும் படியுங்கள். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள உரிமையுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-இல் வகுத்த நெறிகள் இவை. பரிசோதனையில் கோளாறு ஏதும் தென்பட்டால் எனக்குத் தெரிவிப்பீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலைப் பெற்ற பின்பே பேனாவைத் திறவுங்கள்.