கண்ணுக்கும் முதுகுக்கும் இசைந்த வாகனம்

தனியார் பாவனைக்கான வாகனங்களை இறக்குமதி செய்வதற்கு 2020ஆம் ஆண்டிலே விதிக்கப்பட்ட தடை, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நீங்கியதன் பின்னர், பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல், இளவாலை முதலாகிய நமது ஊர்களிலே, இருக்கின்ற காரைக் கொடுத்துவிட்டுப் புதிய ஹைபிரிட் ஒன்றை எடுக்க வேண்டும் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழுந்திருக்கின்றது. 2022இலே பெற்றோலுக்காக வரிசையிற் காத்துக் கிடந்ததும், பின்பு கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கியதும் எவர் மனத்தை விட்டும் இன்னும் அகலவில்லை. ஆதலால், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது முதற் கேள்வியாகவும், பற்றரி எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கும் என்பது இரண்டாவது கேள்வியாகவும் அமைந்திருப்பதில் வியப்பில்லை. ஆயினும், அந்தக் காருக்குள் இருப்பவருடைய கண்ணுக்கு வெளியே என்ன புலப்படும், அவருடைய முதுகும் முழங்காலும் எந்த நிலையில் இருக்கும் என்ற இரண்டு விசாரணைகளும் மற்றெல்லாவற்றுக்கும் முன்னதாக நடைபெற வேண்டும் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

நம்மவர்கள் கார் வாங்கும் முறையே இந்த விசாரணைக்கு இடங்கொடாததாக இருக்கின்றது. யப்பானிலே ஏலத்திற்கு வந்த வாகனத்தின் படங்களையும், ‘ஒக்ஷன் ஷீற்’ என்று வழங்குகின்ற ஏலப் பத்திரத்தையும் முகவர் கைத்தொலைபேசியில் அனுப்ப, அதனைக் கனடாவிலோ இலண்டனிலோ உள்ள மகன் பார்த்துச் சம்மதந் தெரிவிக்க, பணங் கட்டி முடிந்து, கப்பல் வந்து, தீர்வையும் செலுத்தப்பட்டு வாகனம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த அன்றைக்குத்தான், அதை ஓட்டப்போகின்ற தகப்பனாரும், பின்னாசனத்தில் இருக்கப்போகின்ற அப்பம்மாவும் முதன்முதலாக அதற்குள் ஏறுகின்றார்கள். எஞ்சினின் கொள்ளளவும், ஓடிய தூரமும், நிறமும் பத்திரத்திலே குறிக்கப்பட்டிருக்கும்; ஆனால் கதவைத் திறந்து குனிந்து இறங்கவேண்டிய ஆழம் எவ்வளவென்று எந்தப் பத்திரமும் சொல்வதில்லை.

ஹைபிரிட் கார்களிற் பல ஏன் தாழ்ந்த கூரையும் சரிந்த கண்ணாடியும் உடையனவாக வந்தன என்பதை அறிந்துகொண்டால் இவ்விஷயம் தெளிவாகும். 1997ஆம் ஆண்டிலே யப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸை வெளியிட்ட காலந்தொட்டு, எரிபொருட் சிக்கனத்தை மின்மோட்டாரினால் மாத்திரமன்றிக் காற்றைக் கிழித்துச் செல்லும் உருவ அமைப்பினாலும் தேடும் முயற்சி இடைவிடாது நடந்துவந்திருக்கின்றது. 2003இலே வந்த இரண்டாவது பிரியஸின் கூரை பின்னோக்கிச் சரிந்து சென்று வெட்டுண்டது. அதன் பின்கண்ணாடி குறுக்குச் சட்டம் ஒன்றினால் இரு கூறாகப் பிரிந்தது. 2023இலே சந்தைக்கு வந்த ஐந்தாவது பிரியஸின் உயரமோ 1430 மில்லிமீற்றர் மாத்திரமே. நம்முடைய வீதிகளில் நிறைந்திருக்கின்ற சுசூக்கி வகன் ஆர் 1650 மில்லிமீற்றர் உயரமுடையது என்பதை இங்கே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. மணிக்கு எண்பது கிலோமீற்றரில் ஓடும் காரை எதிர்க்கின்ற காற்றின் விசை, நாற்பதிலே ஓடும் அதே காரைப் பொறுத்தவரை நாலிலொரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. பண்டத்தரிப்பிலிருந்து சண்டிலிப்பாய், மானிப்பாய், ஆனைக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் போகின்றவர், சந்திக்குச் சந்தி நின்று, சைக்கிளுக்கும் லான்ட்மாஸ்ரருக்கும் மாட்டுக்கும் வழிவிட்டு, நாற்பதைத் தாண்டுகின்ற இடங்கள் மிகச் சிலவே. அத்தகைய பிரயாணத்தில் ஹைபிரிட் பெற்றோலை மிச்சப்படுத்துவது நிற்கும்போது எஞ்சினை அணைப்பதனாலும், மெதுவாகப் புறப்படும்போது மின்மோட்டாரை உபயோகிப்பதனாலும், பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மீண்டும் மின்சாரமாக்கிச் சேமிப்பதனாலுமே ஆகும். கூரையின் சரிவுக்கு அதிலே பெரும் பங்கு கிடையாது. ஆகவே, நெடுஞ்சாலைக்காக எங்கோ செய்யப்பட்ட ஒரு தியாகத்தின் பயனை அடையாமல், அதன் நஷ்டத்தை மாத்திரம் நாம் நமது ஒழுங்கைகளுக்குள் கொண்டுவந்து அனுபவிக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

அந்த நஷ்டம் எத்தகையது என்பதை ஒழுங்கையில் வாழ்பவர்கள் நன்கு உணர்வார்கள். கிளுவை வேலியும், தகர வேலியும், இப்போது ஆளுயர மதிலும் இருபுறமும் நிற்கின்ற ஒழுங்கையிலிருந்து பெருந்தெருவுக்கு ஏறுகின்ற சாரதி, காரின் முன்பகுதி தெருவுக்குள் நீண்ட பின்னரே இடமும் வலமும் பார்க்கும் நிலையில் இருக்கின்றார். அந்தக் கணத்தில் அவர் பார்வையை மறைப்பது முன்கண்ணாடியின் இருமருங்கிலும் கூரையைத் தாங்கி நிற்கின்ற தூண். வலப்பக்கத் தூண் கண்ணுக்கு மிக அண்மையில் இருப்பதனால், அதன் கனம் சிறிது கூடினாலும் மறைகின்ற தெருவின் அளவு மிகவும் கூடிவிடுகின்றது. மேலும், கார் முன்னோக்கி நகர நகர, குறுக்கே வருகின்ற சைக்கிளும் அதற்கு இசைந்த கதியிலேயே நகருமானால், அந்தச் சைக்கிள் பல விநாடிகளுக்குத் தூணின் மறைவை விட்டு வெளிவராமலே இருந்து, மிக நெருங்கிய பின்னரே திடீரெனத் தோன்றும். சாரதி பார்த்துத்தான் திரும்பினேன் என்று சத்தியம் செய்வார், அது பொய்யாகவும் இராது. ஹைபிரிட் காரிலே இந்த அபாயம் இரட்டிக்கின்றது. ஏனெனில், மின்மோட்டாரில் மெல்ல ஊர்ந்து வருகின்ற காரின் சத்தம் சைக்கிளில் வருகின்ற முதியவரின் காதுக்கு எட்டுவதில்லை. மெதுவாகச் செல்லும்போது செயற்கையான ஒலியை எழுப்பும் கருவியைப் புதிய மாதிரிகளில் யப்பான் 2018இலிருந்து கட்டாயமாக்கியதும் இக்காரணத்தினாலேயே. கேளாத வாகனத்தை ஓட்டுபவருக்குக் காணும் கடமை மற்றவர்களிலும் அதிகம்.

தூண்கள் தடித்தமைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கார் புரளும்போது கூரை நசுங்காதிருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2009இலே விதிகளை இறுக்கியது. பக்கவாட்டில் விரிகின்ற காற்றுப் பைகளையும் அத்தூண்களின் உட்புறத்திலேயே வைக்க நேர்ந்தது. உள்ளிருப்பவரின் உயிரைக் காக்கின்ற இந்த ஏற்பாடுகளை எவரும் குறைகூற முடியாது. எனினும், காப்பும் பார்வையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு, 2020இலே யப்பானில் வெளிவந்த நான்காந் தலைமுறை ஹொண்டா பிட் பிரத்தியட்ச உதாரணமாக நிற்கின்றது. மோதலின் வேகத்தைத் தாங்கும் பொறுப்பைப் பின்னாலுள்ள இரண்டாவது தூணுக்கு மாற்றிவிட்டு, கண்ணெதிரே நிற்கும் தூணை அந்நிறுவனத்தார் முன்னையதிலும் ஏறத்தாழப் பாதியளவாக மெலிவித்தார்கள்.

உயரமான காராக இருந்தாற் போதும், எல்லாம் தெரியும் என்று நினைப்பதும் பிழை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் 2025இலே வெளியிட்ட ஆய்வின்படி, காரைச் சுற்றிப் பத்து மீற்றருக்குள் உள்ள முன்புற நிலத்தில், 1997ஆம் ஆண்டு ஹொண்டா சி.ஆர்.வி.யின் சாரதிக்கு நூற்றுக்கு 68 பங்கு தெரிந்தது. 2022ஆம் ஆண்டு அதே பெயருடைய காரிலே 28 பங்கே தெரிந்தது. பொனற் உயர்ந்து, ஜன்னலின் கீழ்விளிம்பும் உயர்ந்து, பக்கக் கண்ணாடிகளும் பருத்துவிட்டமையால், வாகனம் நிமிர்ந்து நின்றும் அதன் அருகே நிற்கும் குழந்தை மறைந்துபோகின்றது. ஆகையால் தேடவேண்டியது கூரையின் உயரத்தை அன்று. உயர்ந்த ஆசனம், தாழ்ந்த பொனற், தாழ்ந்த ஜன்னல் விளிம்பு, மெலிந்த தூண் ஆகிய நான்கும் கூடிய அமைப்பையே. பின்னோக்கிக் காட்டும் கமெரா துணையாகுமேயன்றிக் கண்ணாகாது. மாரியிலே சேறும் கோடையிலே புழுதியும் அதன் வில்லையைப் படலமாக மூடிவிடும்.

இதிலே ஒரு விஷயத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பொருளாதாரத் தடையிருந்த தொண்ணூறுகளிலே மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றிய ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் கார்களில் ஏறியவர்கள், நாற்காலியில் அமர்வது போலவே அவற்றில் அமர்ந்தார்கள். மோதலிலே அவை இன்றைய கார்களுக்கு எவ்வகையிலும் ஈடாகா. ஆனால் நிமிர்ந்த இருக்கையையும் மெல்லிய தூண்களையும் விரிந்த பார்வையையும் ஏழைக்கும் எளியவருக்கும் அவை வழங்கின.

1820ஆம் ஆண்டளவிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியம் செய்தபோது, நோயாளர் பல இடங்களிலிருந்தும் இவ்வூரை நாடி வந்தார்கள்; இன்று இவ்வூர் முதியவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் காரிலே போய் வருகின்றார்கள். முழங்கால் தேய்ந்த ஓர் அம்மையார், சேலைக் கொய்யகத்தை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த ஆசனத்திலிருந்து எழும்புவதற்கு இருவர் கைகொடுக்க வேண்டியிருக்குமாயின், அந்தக் கார் அவருக்காக வாங்கப்பட்டது என்று எப்படிச் சொல்வது? ஆசனத்தின் மட்டம் அவருடைய இடுப்பின் மட்டத்துக்கு அண்மையாக இருக்க வேண்டும். கதவு அகலத் திறக்க வேண்டும். காலைத் தூக்கிக் கடக்கவேண்டிய வாசற்படி தாழ்ந்திருக்க வேண்டும். நானூறு கிலோமீற்றர் தூரமுள்ள கொழும்புப் பிரயாணத்திலோ, தொடை முழுவதையும் தாங்குகின்ற நீளம் ஆசனத்துக்கு இருக்கிறதா என்பது வவுனியாவைத் தாண்டுமுன்னரே தெரிந்துவிடும்.

ஹைபிரிட்டுக்கே உரிய இன்னொரு கவனமும் உண்டு. பிரியஸ், அக்குவா போன்ற கார்களில் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பின்னாசனத்தின் அருகிலோ அடியிலோ உள்ள துவாரத்தினூடாகவே உட்செல்கின்றது. சங்கானைச் சந்தைப் பையையோ போர்வையையோ அதன்மேற் போட்டுவிட்டால், பற்றரி வெப்பமேறி ஆயுள் குன்றும். நமது புழுதி அதன் வடியை அடைத்துவிடுவதனால் அதனைக் காலத்துக்குக் காலம் துப்புரவாக்குவதும் அவசியம். வந்ததும் வராததுமாக றெக்சின் உறை தைத்துப் போடுகின்ற வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஆசனத்தின் பக்கத்திலே காற்றுப் பை வைத்துத் தைக்கப்பட்ட காரிலே அந்த உறை பையை விரியவொட்டாது தடுக்கும்.

முகவரிடம் பணங் கட்டுமுன், அதே மாதிரிக் கார் வைத்திருப்பவர் ஊரிலே யாரேனும் இருப்பார். அவரிடம் ஒருநாள் இரவல் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஓட்டப்போகின்றவரே ஆசனத்தை உயர்த்தித் தாழ்த்தித் தமக்குப் பொருத்தமாக்கிக்கொண்டு, தம்முடைய சொந்த ஒழுங்கை வாசலிலே நிறுத்தி, வலப்பக்கத்தில் ஒருவரைச் சைக்கிளோடு நடந்துவரச் சொல்லி, அவர் எங்கே மறைகின்றார், எங்கே வெளிப்படுகின்றார் என்று பார்க்கட்டும். வீட்டிலே மிக முதியவரைப் பின்னாசனத்தில் தாமாகவே ஏறி இறங்கச் செய்யட்டும். நம்மூர் விற்பனையாளர்களும், காட்சியறையில் மினுக்கி நிறுத்திய காரைக் கயிறு கட்டிக் காவல் செய்யாமல், வாங்க வருபவர் தம் குடும்பத்தோடு அதிலேறி மானிப்பாய் வீதியில் ஒருதரம் போய்வருவதற்கு இடமளிக்க வேண்டும். கோடிக்குக் கிட்டிய தொகையைக் கேட்கும் ஒருவர் அரைமணி நேரத்தைக் கொடுப்பது முறையேயாகும்.