பிள்ளைகளும் ஏழு சுரமும்

நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் அவற்றைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இசை கற்பிக்க விரும்புகிறோம், பாட்டாசிரியரை அமர்த்த வசதி இல்லை, எங்கிருந்து தொடங்குவது?" என்பதே அது. இத்திங்கள் இப்பகுதியில் அதற்கு விடை கூற முற்படுகிறோம்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்தால் தமிழ்நாடு, இப்புறம் பாறசாலை. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே அன்றி, இசையைப் பிரிக்கவில்லை. வில்லும் குடமும் உடுக்கையும் முழங்கும் வில்லுப்பாட்டு இருபுறமும் ஒலிக்கிறது. செம்மங்குடி சீனிவாச ஐயரின் மாணவராய்ப் புகழ்பெற்ற நெய்யாற்றின்கரை வாசுதேவன் (1940-2008) இம்மண்ணின் மைந்தர்.

பாறசாலை பொன்னம்மாளை (1924-2021) நம் தாய்மார்கள் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவ்வம்மையார், முதலில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இசையாசிரியையாகவே பணி தொடங்கினார். பின்னர்த் திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். பெண்கள் பாடியிராத திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006ஆம் ஆண்டில் பாடிய முதற் பெண்மணி அவரே. 2017இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக்கொடுப்பது சிறு தொழிலன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனிப் பாடத்திற்கு வருவோம். பிள்ளைக்கு முதலில் வேண்டுவன மூன்று: சுருதி, தாளம், சுரம். இவ்வரிசை மாறலாகாது.

சுருதி என்பது பாட்டுக்கு நிலைக்களம். இங்கே பெரியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. தந்தையார் தமக்கு ஏற்ற சுருதியை வைத்துக்கொண்டு, "இதிலே பாடு" என்கிறார். பிள்ளையின் குரல் அங்கே இறங்குவதில்லை. உடனே, "உனக்குக் குரல் இல்லை" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். எட்டு வயதில் கேட்ட அச்சொல்லால் வாழ்நாள் முழுதும் வாய் திறவாமற் போனவர் எத்தனை பேர்! குற்றம் குரலில் இல்லை, சுருதியில் இருக்கிறது. பிள்ளை இயல்பாகப் பேசும் குரலைக் கவனியுங்கள். கீழ்ச் சட்சத்தையும் மேற்சட்சத்தையும் கழுத்து நரம்பு புடைக்காமல் எட்டக்கூடிய சுருதியைத் தேடி, அதிலேயே நிறுத்துங்கள். சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, பிள்ளை முதலில் கேட்கட்டும். பிறகு மெல்ல அதனோடு இணையட்டும். கத்திப் பாடுவதை ஒருபோதும் ஊக்குவித்தல் கூடாது.

அடுத்தது தாளம். ஆதி தாளத்திற்கு எண்ணிக்கை எட்டு. ஒரு தட்டு, பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணுதல். இந்நான்கும் சேர்ந்து இலகு. அதன்பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு; இவை இரண்டு துருதங்கள். பாட்டு எதுவுமின்றி இதை மட்டும் ஒரு வாரம் பழக்குங்கள். கை நடுங்காமல் ஓடத் தொடங்கிய பிறகே வாய் திறக்க வேண்டும்.

மூன்றாவது சுரம். இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு உள்ளது. நம் பிள்ளைகளிற் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவர். எழுதப் படிக்க அறியார். "தமிழ் எழுத்துக் கற்க வா" என்றால் ஓடுவர். ஆனால் ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழும் தமிழ் எழுத்துக்கள் அல்லவோ? இவ்வேழையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாட்டுக் கற்க வந்த பிள்ளை, தன்னை அறியாமலே ஏழெழுத்துக் கற்றுவிடும்.

இன்னும் கேளுங்கள். சுரக் குறிப்பில் குறில் எழுத்து ஓர் அளவு. நெடில் எழுத்து இரண்டு அளவு. 'ச' என்றால் ஒன்று, 'சா' என்றால் இரண்டு. தமிழ் இலக்கணமும் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்றே வகுத்துள்ளது. கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் கூறுகிறது. ஆகவே தாளம் கற்கும் பிள்ளை எழுத்திலக்கணத்தின் முதற்பாடத்தையும் கையாலேயே கற்றுவிடுகிறது. இந்த ஒற்றுமையைப் பயன்படுத்தாமல் விடுவது பேதைமை.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். "மாமா நீ தா" என்று எழுதுங்கள். நான்கும் நெடில், ஆகவே எட்டு அளவு, ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்குச் சரியாக அமையும். முதலில் இதைச் சுரத்திற் பாடவேண்டா. தாளம் போட்டுச் சொன்னாற் போதும். பின்பு இரட்டை வேகத்தில் சொன்னால், அதே ஒரு சுற்றில் இரண்டு முறை வரும். நான்கு மடங்கு வேகத்தில் நான்கு முறை வரும். மூன்று காலம் என்பது என்ன என்று பிள்ளைக்கு விளக்கம் சொல்லவே தேவையில்லை. மலையாளம் மட்டும் படித்த பிள்ளைக்கும் இதன் பொருள் விளங்கும், சிரித்துக்கொண்டே கற்கும்.

சுரத்தைப் பாடத் தொடங்கும்போது எந்த இராகம் கொள்வது? புரந்தரதாசர் காலந்தொட்டு வழங்கும் முறை மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடுவது. 15ஆம் மேளமாகிய அவ்விராகத்தில் ச முதல் ம வரை உள்ள இடைவெளிகளே ப முதல் மேல் ச வரையிலும் அமைந்துள்ளன. ஆகவே ஒரு பாதியைக் கற்றவர்க்கு மறுபாதி எளிது. இதன் சிறப்பு அது. ஆயினும் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ரி-க்கும் க-வுக்கும் இடையிலுள்ள அகன்ற தாவல் கடினமாகத் தோன்றலாம். அத்தகைய பிள்ளைக்கு ச, ரி, க, ப, த என்னும் ஐந்தே சுரமுடைய மோகனத்தில் சில திங்கள் விளையாட்டாகப் பாடவிட்டு, அதன்பின் சரளி வரிசைக்கு வருவது நன்று. ஹங்கேரி நாட்டு இசைப் பேரறிஞர் கோடாய் (1882-1967) வழியில் கற்பிப்போரும் ஐந்து சுரப் பாட்டுக்களையே முதலிற் கொள்கின்றனர். தாய்மொழியின் நாட்டுப்பாடலே குழந்தையின் முதல் இசைப்பாடம் ஆகவேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை.

நமக்கு அதிற் குறைவில்லை. பாட்டியார் பாடும் தாலாட்டு உண்டு, கும்மி உண்டு, கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு உண்டு, தேவாலயங்களில் தமிழ்க் கீர்த்தனை உண்டு. இவற்றைக் கேட்டு வளர்ந்த காதுக்குச் சுரம் அந்நியமாகத் தோன்றாது.

நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். ஐந்து நிமிடம் சுருதி, ஐந்து நிமிடம் தாளம், ஐந்து நிமிடம் சுரம். பிழையாகப் பாடினால் இடையில் நிறுத்திக் கடிந்துகொள்ள வேண்டா; பாடி முடித்தபின் தாமே சரியாகப் பாடிக் காட்டுங்கள். அயலார் முன்னிலையில் பாடச் சொல்லி வற்புறுத்துதலும் வேண்டா.

நம் பிள்ளைகள் எல்லாரும் வித்துவான்கள் ஆகப் போவதில்லை. ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் குரல் உடையோம் என்னும் துணிவும், நம் எழுத்து இன்னது என்னும் அறிவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியவை. அவற்றைத் தரப் பணம் வேண்டுவதில்லை. மாலையில் விளக்கேற்றிய பின் கால்மணி நேரம் பெற்றோர் பிள்ளையின் அருகில் அமர்ந்தால் போதும். இன்றே தொடங்குவீர்களாக.