உத்தரவாத அட்டையின் பின்பக்கம்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் சித்தூரைத் தாண்டியதும் வரும் பங்காருபாளையம், மாம்பழச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். அங்கு வசிக்கும் ஒருவர் பெங்களூரில் உள்ள கடையொன்றில் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து டிரெட்மில் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஓராண்டு உத்தரவாதம். ஆறாவது மாதத்தில் மோட்டார் நின்றுவிடுகிறது. விற்றவர் கைவிரிக்கிறார். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பனையாளர் தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் அவர் புகார் செய்திருக்க முடியும். அதாவது, பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் போயாக வேண்டும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இந்த நிலையை மாற்றியது. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே, அதாவது சித்தூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் கிடையாது. பாராட்டத்தக்க மாற்றம்தான். ஆனால், நீதிமன்றம் வீட்டு வாசலுக்கு அருகே வந்ததே தவிர, அங்கே வாதத்துக்கு அடிப்படையாக அமையும் உத்தரவாத அட்டை இன்னமும் விற்பவரின் கையில்தான் இருக்கிறது.

அந்த அட்டையின் முன்பக்கத்தில் ஆண்டுகளின் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் மோட்டார் பழுதானால் பொறுப்பல்ல. பெல்ட், கேபிள் போன்ற தேயும் பாகங்களுக்குப் பொருந்தாது. வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே செல்லும். பழுதுபார்க்கும் மையத்துக்குக் கொண்டுவரும் செலவு வாங்கியவருடையது. விலை உயர்ந்த உடற்பயிற்சிக் கருவிகளுக்கு வழக்கமாகத் தரப்படும் உத்தரவாதம் இப்படிப்பட்டதுதான். மின்னழுத்தம் ஏறி இறங்குவது அன்றாட நிகழ்வாக உள்ள சிற்றூர்களில் முதல் நிபந்தனை ஒன்றே போதும், மற்றவை தேவையே இல்லை.

இந்த வாசகங்களுக்கு நீதிமன்றங்கள் மதிப்பளிக்க வேண்டியிருக்கிறது. மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவதாகவோ மாற்றித் தருவதாகவோ மட்டுமே உத்தரவாதம் கூறும்போது, முழு வாகனத்தையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று கூறியது. கார் என்றாலும் டிரெட்மில் என்றாலும் தர்க்கம் ஒன்றே. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தீர்ப்பின் எல்லையை வகுக்கிறது.

அப்படியானால் அட்டையில் எழுதப்படாத உரிமை எதுவும் வாங்குபவருக்கு இல்லையா? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-வது பிரிவில், விற்கப்படும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 62-வது பிரிவு, இத்தகைய பொறுப்புகளை ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக் கொள்ளலாம் என்றும் அனுமதிக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999-ஆம் ஆண்டின் உத்தரவு முதலே நுகர்வோர் பொருள்களுக்குக் குறைந்தபட்சம் இரண்டாண்டுப் பொறுப்பு விற்பவரைச் சேர்கிறது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், விற்றபோது குறை இல்லை என்பதை விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இங்கே நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில். ஆய்வு இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தின் 38-வது பிரிவு வழி செய்கிறது. ஆனால், அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துமாறு புகார்தாரரைத்தான் கேட்க முடியும். விளையாட்டுப் பொருள் தொழிலுக்கென மத்திய அரசு அமைத்த மேம்பாட்டு மையம் இருப்பது உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில். இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத இயந்திரத்தைச் சித்தூரிலிருந்து எங்கே அனுப்புவது, யார் செலவில் அனுப்புவது?

ஆய்வு தேவைப்படாத வழக்கு மூன்று மாதங்களிலும், தேவைப்படும் வழக்கு ஐந்து மாதங்களிலும் முடிய வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்களின் காலியிடங்கள் குறித்து 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால், இந்தக் கெடு எந்த அளவுக்கு ஏட்டளவில் நின்றது என்பது விளங்கும்.

இவர்களைவிடச் சங்கடமான நிலையில் இருப்பவர், கடன் வாங்கிச் சிற்றூரில் சிறிய உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர். வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர். ஆனால், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று 1993-ஆம் ஆண்டின் திருத்தம் தெளிவுபடுத்தியது. கோவையின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில் 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதாலேயே இந்தப் பாதுகாப்பு பறிபோகாது என்றும் கூறியது. பிழைப்புக்காகக் கூட்டாகப் புகைப்பட அச்சு இயந்திரம் வாங்கியவர்களும் நுகர்வோரே என்று 2018-இல் பாராமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில் தீர்ப்பளித்தது.

சட்டம் அவரை நுகர்வோர் என்கிறது. "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்ற அட்டையின் வாசகமோ அவரை வெளியே தள்ளுகிறது. இந்த வாசகம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாட 2019-ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம் இருக்கிறது. நுகர்வோரைப் பாதகமான நிலையில் தள்ளும் நியாயமற்ற நிபந்தனையை அது அப்படித்தான் வரையறுக்கிறது. ஆனால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே அந்த அதிகாரம். பங்காருபாளையத்துக்காரர் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விஜயவாடாவை நாட வேண்டும். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ருதி தளத்தில் இணையம் வழியே மனுத் தாக்கல் செய்யலாம் என்பது உண்மைதான். ஆயினும், ஒன்றரை லட்ச ரூபாய்ப் பொருளுக்காக மாநில ஆணையத்தில் வழக்கறிஞர் வைத்து வாதாட எத்தனை பேர் முன்வருவார்கள்?

பொருள் பொறுப்பு என்ற புதிய அத்தியாயமும் இங்கே கைகொடுக்காது. இயந்திரம் பழுதாகி ஓடுபவர் கீழே விழுந்து காயமடைந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கோரலாம். இயந்திரம் மட்டும் பழுதானால், அந்தச் சேதம் "தீங்கு" என்பதன் வரையறையிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. காலை உடைத்துக் கொண்டவருக்குக் கிடைக்கும் சலுகை, பணத்தை இழந்தவருக்கு இல்லை.

இவையெல்லாம் அவையில் விரிவாக அலசப்பட்டிருக்க வேண்டியவை. மக்களவை 2019 ஜூலை 30 அன்று மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதை நிறைவேற்றிய ஆகஸ்ட் 6 அன்று, நாட்டின் கவனம் முழுவதும் மக்களவையில் நடந்த ஜம்மு - காஷ்மீர் விவாதத்தின் மீதே இருந்தது.

பின்னர் வந்த முயற்சியிலும் விளையாட்டுக் கருவிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அடையாளம் கண்டது. "கேலோ இந்தியா" என்று கிராமம்தோறும் விளையாட அழைக்கும் அரசு, விளையாடும் கருவியைத் தனித் துறையாகப் பார்க்கத் தவறியது. ஐந்தாவது துறையாக அதைச் சேர்க்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை.

மாவட்ட ஆணையத்துக்கு நியாயமற்ற ஒப்பந்தங்களை விசாரிக்கும் அதிகாரம் அளிப்பதற்கு மட்டுமே சட்டத் திருத்தம் வேண்டும். 34-வது பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். மாம்பழ விவசாயிகளின் குரல் 2025 ஜூலையில் பங்காருபாளையத்திலிருந்து மாநிலம் முழுவதும் கேட்டது. அங்குள்ள உடற்பயிற்சிக் கூடக்காரருக்காகவும் அந்த ஒரு வரியை ஆந்திர எம்.பி.க்களும் தமிழக எம்.பி.க்களும் சேர்ந்தே கேட்கலாம். வேலூரில் வாங்கியவரின் அட்டையிலும் அதே வாசகம்தான் இருக்கிறது.