பழைய ஜீப்புக்குப் புதுப் பாதரட்சை

சென்ற மாம்பழக் காலத்தில் ஒரு நாள், என் மைத்துனருடைய ஜீப் தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்பிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. பின்னால் மாங்காய்க் கூடைகள். கூடைகளுக்கு நடுவே காய் பறிக்கப் போன ஐந்து ஸ்திரீகள். இறக்கத்தில் இடது பின்சக்கரம் வேட்டுப் போட்டதுபோல் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய், தெய்வாதீனமாக ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது. ஒரு அம்மாளுக்குக் கை முறிந்தது. மற்றவர்கள் சிராய்ப்புகளோடு தப்பினார்கள்.

வெடித்த டயரை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்டபோது எல்லோருக்கும் ஆச்சரியம். டயரின் மேற்புறத்து மேடு பள்ளங்களுக்கு நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் 'பட்டன்' என்று பெயர். அந்தப் பட்டன் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. "பட்டனைப் பாருங்கள், மாப்பிள்ளை! இன்னும் இரண்டு வருஷம் ஓடுமே!" என்று மைத்துனர் அங்கலாய்த்தார்.

அடியேன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எழுத்தைக் கண்டால் குனிந்து படிப்பது தொழில் தோஷம். டயரின் பக்கச் சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் 3109 என்று நான்கு இலக்கங்கள் இருந்தன. 2000-ஆம் வருஷத்திலிருந்து வழங்கும் முறைப்படி, முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். அதாவது 2009-ஆம் வருஷத்து 31-வது வாரத்தில் பிறந்த டயர்! பக்கத்து நகரத்துப் பழைய டயர்க் கடை ஒன்றில், "ஓடாத டயர்" என்று சொல்லி இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஓடாத டயர் என்பது வாஸ்தவந்தான். அதிலேதான் வினையும் இருந்தது.

ரப்பர் காற்றோடும் வெயிலோடும் ஓயாமல் போராடும் வஸ்து. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் அதை நாளடைவில் இறுகச் செய்து வெடிப்பு விழ வைக்கின்றன. இதைத் தடுக்கவே ரப்பரில் ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். வண்டி ஓடி, டயர் வளைந்து நிமிரும்போது அந்த மெழுகு கசிந்து மேலே போர்வைபோல் படிகிறது. வருஷத்தில் பத்து மாதம் கொட்டகையில் நிற்கும் ஜீப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பட்டன் தேய்வதற்கு முன்பே உடம்பு கிழடு தட்டிவிடுகிறது. நம் சட்டம் காருக்கும் ஜீப்புக்கும் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆழத்தை அளந்தால் வயது தெரியாது. ஐந்தாறு வருஷமானால் ஆண்டுதோறும் சோதிக்கவும், 10 வருஷமானால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் கழற்றிவிடவும் டயர்க் கம்பெனிகளே பல சொல்கின்றன. வண்டியின் பின்னால் தொங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். அதை யாரும் நினைப்பதில்லை.

சரி, புது டயர் வாங்குவதென்று தீர்மானமாயிற்று. உடனே மைத்துனருக்கு வேறொரு ஆசை வந்தது. புதிய தார் வண்டிகளில் போடும் அகலமான டயரைப் போட்டால் கம்பீரமாக இருக்குமாம்! அவருடையது 1994-ஆம் வருஷத்து மகிந்திரா, 6.00-16 என்ற ஒல்லி டயருக்கென்று பிறந்தது. 235 மில்லிமீட்டர் அகல டயருக்கு 6 அங்குலமாவது அகலமுள்ள ரிம் வேண்டும். பழைய ஜீப்பின் ரிம்மோ குறுகலானது. அதில் அகல டயரைத் திணித்தால் திருப்பத்தில் டயர் நெளியும், ஸ்டியரிங்கும் கனக்கும். தவிர, ஒல்லி டயர் ஒன்றும் கேவலமானதல்ல. மேற்சேற்றை அறுத்துக்கொண்டு போய்க் கீழேயுள்ள கெட்டித் தரையைப் பிடிப்பது அதுதான்.

நம் தளவாய்புரத்தின் சங்கடம் என்னவென்றால், மேற்கே போனால் கல்லும் ஓடையும், கிழக்கே போனால் கரிசல். மழை பெய்தபின் கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், செருப்பில் மண் அப்பி ஆளையே ஒரு சாண் உயர்த்திவிடும். டயரிலும் அப்படியே. நெருக்கமான பட்டன் இடுக்குகளில் மண் அடைத்து, டயர் மொட்டைத் தலையாகிவிடும். இடைவெளி விட்ட முரட்டுப் பட்டனுள்ள 'மிலிட்டரி டயர்' சேற்றை உதறித் தள்ளும். ஆனால் அதுவே தார் ரோட்டில் இரைச்சல் போடும். மழை ஈரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. கரிசல் ஆழமாக ஊறிவிட்டாலோ எந்த டயரும் உதவாது, டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். மைத்துனருக்கு முக்கால்வாசிப் பிரயாணம் தார் ரோடு. மீதி கல் பாதை. ஆகையால் நடுத்தரமான பட்டன் போதுமென்றேன். குறுக்கும் நெடுக்குமாக நூல் அடுக்கிய பழைய பாணி டயரின் பக்கச் சுவர் கல்வெட்டைத் தாங்கும் என்பதால், ரேடியலை விட்டு அதையே எடுத்தோம். இரண்டையும் ஒரே அச்சில் கலந்து மாட்டுவது மகா ஆபத்து.

"இரண்டு மட்டும் வாங்கினால் போதாதா?" என்று என் மனைவி கேட்டாள். செலவைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டதும் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பிணைந்துவிடுகின்றன. முன் டயர் சிறிது, பின் டயர் பெரிது என்றால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக் கியர் பெட்டியைத் தின்றுவிடும்.

கடைசியாக ரீபட்டன் யோசனையும் வந்தது. ரீபட்டன் நம் ராஜ்யத்தில் பழைய, மரியாதையுள்ள தொழில். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் ரீபட்டன் ரப்பர் செய்யத் தொடங்கி, 1961-ல்தான் எம்.ஆர்.எப். டயருக்கு வந்து சேர்ந்தார். லாரிகளுக்கு ரீபட்டன் பெரிய சிக்கனம். ஆனால் 15 வயதுக் கிழட்டு உடம்பின்மேல் புதுப் பட்டன் ஒட்டுவது நரைத்த மீசைக்கு மை தடவுகிற காரியமே.

ஐந்து டயர், ஐந்து டியூப் வாங்கினோம். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டவற்றில் இரண்டு மூன்று வருஷத்துச் சரக்கு. அவற்றைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வை, பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்ட பையனுடைய பார்வை.

கை முறிந்த அம்மாள் இந்த வருஷமும் காய் பறிக்க வந்தாள். ஜீப்பில் ஏறுமுன் சக்கரத்தண்டை குனிந்து, "நம்பரு எங்கய்யா இருக்கு?" என்று மைத்துனரைக் கேட்டாள். அவர் விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் ஏறினாள்.