தாலி மட்டுமா இருக்கிறது கழுத்தில்?

குழந்தைப்பேறு மருத்துவமனைகளுக்குப் பெண் என்றால் சினைப்பையும் கர்ப்பப்பையும்தான். கருமுட்டை வளர ஊசி போடத் தொடங்கினால் எத்தனை முட்டை, எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன். எனக்கும் எடுத்தார்கள். தடித்த ஃபைலில் தைராய்டு ரிப்போர்ட் ஒன்றே ஒன்று, அதுவும் எட்டு மாதப் பழசு. சிகிச்சை தோற்றதும் சொன்னார்கள்: "உங்க உடம்பு ஏத்துக்கலம்மா."

அந்த உடம்பை என்ன செய்தீர்கள்? பல முட்டைகள் ஒன்றாக வளரும்போது ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு ஏறுகிறது. அது ஏறினால், தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. உடம்புக்குப் பயன்படும் ஹார்மோன் குறைகிறது. நலமான சுரப்பி கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். அதற்கு அயோடின் வேண்டும். தைராக்சின் மாத்திரையை நம்பியிருப்பவளுக்கோ மாத்திரை அளவையே கூட்ட வேண்டிவரலாம். கரு தங்கினாலும் முதல் சில மாதங்கள் அதன் மூளை வளர்வது தாயின் ஹார்மோனைக் கொண்டுதான்.

அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017-லேயே சொல்லிவிட்டது: ஊசி தொடங்கும் முன்போ, முடிந்த ஒன்றிரண்டு வாரத்திலோ சோதியுங்கள், நடுவில் எடுத்தால் முடிவைப் புரிந்துகொள்வது கடினம். லட்சங்கள் வாங்கும் இடத்தில் சில நூறு ரூபாய்ச் சோதனை இது. தோல்விக்கெல்லாம் தைராய்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே பழியை என் உடம்பின்மேல் போடாதீர்கள் என்கிறேன்.

உப்புக்கு வருவோம். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 2006 மே முதல் தடை. ஆனாலும் 2018-19 தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு: 61.9 சதவீதம். மரக்காணம் உப்பளம் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம்தான்! போதாததற்கு, இந்துப்புதான் இயற்கை என்று யூடியூபில் பாடம் எடுக்கும் ஆண்கள் வேறு.

அதற்காகக் கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், தோழிகளே. அளவு மீறினாலும் சுரப்பி முடங்கும். கருக்குழாய் அடைப்பைப் பார்க்க எக்ஸ்ரேயில் செலுத்தும் மருந்திலேயே அயோடின் ஏராளம். எண்ணெய் வகை என்றால் நெடுநாள் உடம்பில் தங்கும். சமையலறையில் பஞ்சம், எக்ஸ்ரே அறையில் வெள்ளம். இரண்டையும் சேர்த்துக் கேட்ட மருத்துவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவரைப் பெற்ற இசைஞானியாரும் 63 நாயன்மாரில் ஒருவர். பெற்றதுதான் அவர் பெருமை. பெரியபுராணத்தில் அவருக்கென்று தனி வரலாறு கிடையாது. தகப்பன் சடையனாருக்கும் அதே கதிதானே என்பீர்கள். ஆனால் சடையனாரிடம் யாரும் "விசேஷம் உண்டா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் கோயில் வாசலில், ரேஷன் கடையில் அந்தக் கேள்வி எங்களுக்குத்தான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறுகிறோம், நகை அடகு வைக்கிறோம், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

கருத்தரிப்பு சிகிச்சைக்கென 2021-இல் வந்த சட்டம் எழுத்துமூலச் சம்மதம் கேட்கிறது. நான் கையெழுத்திட்ட தாள்களில் தைராய்டு என்ற சொல்லே இல்லை. அடுத்து போகிறவர்கள் அதை எழுதி வாங்குங்கள்: டி.எஸ்.எச். எப்போது, மறுபடி எப்போது, மாத்திரை அளவை மாற்றப்போவது யார். எழுதித் தரும்வரை ஊசிக்கு வயிற்றைக் காட்டாதீர்கள்.